சத்தியமும் வசவும்

அருப்புக்கோட்டைச் சந்தையிலோ திருச்சுழிக் கடைத்தெருவிலோ ஒருவர் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு, காதை மாத்திரம் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாரேயானால், மழை பெய்யவில்லை என்கின்ற பேச்சுக்கு அடுத்தபடியாக அவர் காதில் அதிகமாய் விழக்கூடியவை இரண்டு. ஒன்று சத்தியம், மற்றொன்று வசவு. மிளகாய் வற்றலுக்கு விலை சொல்லுகிறவர் "என் பிள்ளை மேல் ஆணையாக இதுதான் என் கொள்முதல்" என்கிறார். கடன் வாங்கினவர் "மாரியாத்தாள் அறிய அடுத்த வாரம் கொடுத்து விடுகிறேன்" என்கிறார். "பொய் சொன்னால் என் கண் அவிந்து போகட்டும்" என்கிறார் ஓர் அம்மாள். அதே தெருவில் பத்தடி தள்ளி, "நீ கட்டையிலே போக", "பேதியிலே போக", "உன் கண் அவிந்து போக" என்று வேறொரு கச்சேரி நடக்கின்றது.

முன்னதை நாம் பக்தி என்கின்றோம். பின்னதைக் கெட்ட வார்த்தை என்கின்றோம். முன்னதைச் சொல்லுகிறவரை யோக்கியர் என்று நம்புகின்றோம். பின்னதைச் சொல்லுகிறவரை வாய் கெட்டவர் என்று ஒதுக்குகின்றோம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமானால் உண்மை வேறாக இருக்கின்றது. "என் கண் அவிந்து போகட்டும்" என்றால் சத்தியம். "உன் கண் அவிந்து போகட்டும்" என்றால் வசவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் எழுத்துத்தான். "எ" இருந்த இடத்தில் "உ" வந்து உட்கார்ந்து கொள்ளுகின்றது, அவ்வளவே. தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் சாபத்துக்குச் சத்தியம் என்று பெயர்; பிறருக்கு இடும் சத்தியத்துக்குச் சாபம் என்று பெயர். மேலே ஒரு சக்தி உட்கார்ந்துகொண்டு, யார் வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறது, யார் கண்ணைப் பறிக்கலாம் என்று காத்திருக்கின்றது என்கின்ற ஒரே எண்ணத்தின் மீதுதான் இரண்டும் நிற்கின்றன.

இது நம் ஜனங்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரர்கள் இந்த உண்மையைத் தங்கள் பாஷையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் "ஸ்வேர்" என்று ஒரு சொல் உண்டு. கோர்ட்டுக் கூண்டில் ஏறிப் பிரமாணம் செய்வதற்கும் அதுதான் சொல். சாராயக் கடையில் ஒருவன் மற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டுவதற்கும் அதுதான் சொல். கடவுள் பெயரைச் சொல்லி ஆணையிட்ட வாயே, கோபம் வந்தபோது அதே கடவுள் பெயரைச் சொல்லித் திட்டப் பழகிக்கொண்டது. பிறகு பயம் வந்தது. கடவுள் பெயரை வீணில் சொன்னால் பாவம் என்று பாதிரிமார்கள் சொன்னதனால், பெயரை மறைத்துத் திட்ட ஆரம்பித்தார்கள். "கடவுளின் புண்கள் மேல் ஆணை" என்று இருந்தது "ஸவுண்ட்ஸ்" என்று அர்த்தமில்லாத ஒரு சத்தமாயிற்று. "காட்" என்பது "காஷ்" ஆயிற்று. "ஜீஸஸ்" என்பது "ஜீ" ஆயிற்று. கடவுளை ஏமாற்ற ஓர் எழுத்தை மாற்றினால் போதும் என்று நம்புகிறவர்கள்தான், கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றும் நம்புகிறார்கள்!

இத்தாலியர்களின் பாஷையில் இந்த வேலைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கின்றது. பிரமாணத்துக்கு "ஜுராமெந்தோ" என்று பெயர். கடவுளைத் திட்டுவதற்கு "பெஸ்தெம்மியா" என்று பெயர். சாதாரண ஆபாசச் சொல்லுக்கு "பரோலாச்சா" என்று பெயர். நாம் கெட்ட வார்த்தை என்று சொல்லுவதற்கு அது சரியான சொல். பெயர்கள் வேறாயினும் சரக்கு நம்முடையதுதான். "என் பிள்ளைகள் தலை மேல் ஆணை" என்று இத்தாலியத் தகப்பனும் சொல்லுகிறான். "பேதியிலே போக" என்று நாம் சொல்லுகிற இடத்தில், திடீர் வியாதி வந்து நீ விழ வேண்டும் என்கின்ற பொருளில் அவன் "அச்சிதென்தி" என்கிறான். கடவுள் பெயரை மறைக்கும் தந்திரமும் அங்கே உண்டு. கடவுளுக்கு "தீயோ" என்று பெயர்; வசவில் அது "ட்ஸீயோ" ஆகிவிடும். "ட்ஸீயோ" என்றால் மாமன், சித்தப்பன். ஆகக் கடவுளுக்கு விழவேண்டிய அடி மாமன் முதுகில் விழுகின்றது. ஆணையிட வேண்டுமானால் "பெர் பாக்கோ" என்பார்கள். பாக்கோ என்பது பழைய ரோமாபுரியின் மதுக் கடவுள். உயிரோடிருப்பதாக நம்பப்படும் கடவுளைத் தொட்டால் ஆபத்து. கோயிலும் பூசையும் அற்றுப்போன கடவுளைத் தொட்டால் ஆபத்தில்லை என்பது அவர்கள் கணக்குப் போலும்.

போப்பாண்டவர் இருக்கின்ற ரோமாபுரியைத் தலைநகராகக் கொண்ட அந்தத் தேசத்தில்தான் கடவுளைத் திட்டுவதற்கென்று இவ்வளவு விரிவான அகராதி இருக்கின்றது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் இத்தாலியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்று 724ஆவது பிரிவு வைக்கப்பட்டது. 1995இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அப்பிரிவில் ஒரு பகுதியை வெட்டிவிட்டது. கடவுளைத் திட்டினால் குற்றம். மாதாவையோ புனிதர்களையோ திட்டினால் அந்தப் பிரிவின்கீழ் குற்றமில்லை என்றாயிற்று. 1999இல் அது கிரிமினல் குற்றம் என்பதிலிருந்தும் இறக்கப்பட்டு, வெறும் அபராதத்தோடு நின்றுவிட்டது. சர்வ வல்லமையுள்ளவரின் மானத்தைக் காப்பாற்ற ஓர் அபராத ரசீது தேவைப்படுகின்றது என்றால், அந்தச் சர்வ வல்லமையைப் பற்றி நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். இத்தாலியன் கடவுளைத் திட்டினால் கடவுளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அது ஒரு வேடிக்கை, அதோடு போயிற்று. ஆனால் நம் கரிசல் காட்டில் சத்தியமும் வசவும் வேடிக்கையல்ல. அவை ஆள் பார்த்து விழுகின்றன. நாம் இதை எழுத வந்ததன் காரணமே அதுதான்.

யார் யாரைச் சத்தியம் செய்யச் சொல்லுகிறார்கள் என்று பாருங்கள். காட்டில் பருத்தி களவு போனால் கூலிக்காரன் சூடம் அணைக்க வேண்டும். காட்டுக்காரன் கூலியைச் சரியாகக் கொடுத்தேன் என்று சூடம் அணைப்பதில்லை. தறிக்காரருக்குக் கொடுத்த நூலில் எடை குறைந்தால் தறிக்காரர் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். நூல் கொடுத்தவர் சரியான எடையில்தான் கொடுத்தேன் என்று தம் பிள்ளையின் தலையைத் தொடுவதில்லை. வீட்டில் ஒரு கம்மல் காணாமற் போனால் மருமகள் கோயிலுக்குப் போக வேண்டும், மாமியார் போவதில்லை. கண்மாய் மடையை இரவில் திறந்தது யார் என்று கேள்வி வந்தால் கடைமடைக்காரன் துண்டைப் போட்டுத் தாண்ட வேண்டும். தலைமடைக்காரன் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பலமுள்ளவன் சொல்லுக்கு அவனுடைய பலமே ஜாமீன். பலமற்றவன் சொல்லுக்கு மட்டும் சாமி ஜாமீன் வேண்டும். சத்தியம் என்பது சமமான இருவர் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடாக இருந்தாலும் ஒருவாறு பொறுக்கலாம். அது மேலே இருப்பவன் கீழே இருப்பவனைச் சோதிக்கும் சோதனையாகவே இருந்து வருகின்றது.

இது எங்கிருந்து வந்தது என்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மனுதர்ம சாஸ்திரத்தின் எட்டாவது அத்தியாயத்தைப் புரட்டினால் போதும். பிரமாணம் செய்யும்போது பிராமணன் தன் சத்தியத்தின் மீது ஆணையிட்டால் போதும். க்ஷத்திரியன் தன் வாகனத்தின் மீதும் ஆயுதத்தின் மீதும், வைசியன் மாடு, தானியம், பொன் இவற்றின் மீதும் ஆணையிட வேண்டும். சூத்திரனோ சகல பாவங்களும் தன்னைச் சேரட்டும் என்று ஆணையிட வேண்டும். அதாவது, ஒருவனுக்கு வாக்கே போதும். மற்றவனுக்குச் சாபம் வேண்டும். அதற்கு அடுத்தாற்போல், நெருப்பை எடுக்கச் சொல்லுவதும், தண்ணீரில் மூழ்கச் சொல்லுவதும், மனைவி மக்களின் தலையைத் தொடச் சொல்லுவதும் சோதனைகளாக விதிக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளையின் தலையில் கை வைக்கும் வழக்கம் பாசத்தில் பிறந்தது என்று எண்ணியிருப்பவர்கள் இந்த விதியைப் பார்க்கட்டும். அது பிள்ளையை அடமானம் வைக்கும் வழக்கம். பெண்களிடத்திலும், விவாக விஷயத்திலும், பிராமணனைக் காப்பாற்றுவதற்காகவும் பொய்ச் சத்தியம் செய்தால் தோஷமில்லை என்றும் அதே அத்தியாயம் விதிவிலக்குக் கொடுக்கின்றது.

வசவுக்கும் அங்கேயே விலைப்பட்டி இருக்கின்றது. பிராமணனை க்ஷத்திரியன் திட்டினால் அபராதம் 100 பணம். வைசியன் திட்டினால் 150 அல்லது 200. சூத்திரன் திட்டினால் அபராதமல்ல, உடலில் தண்டனை. பிராமணன் திட்டினாலோ, க்ஷத்திரியனுக்காக 50, வைசியனுக்காக 25, சூத்திரனுக்காக 12. சத்தியத்திலும் ஜாதி, வசவிலும் ஜாதி. நாம் மேலே சொன்ன "எ"வும் "உ"வும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகள் ஏட்டில் மட்டும் இருந்தவை என்றும் சொல்ல முடியாது. சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விடச் செய்து குற்றத்தைத் தீர்மானிக்கும் "கைமுக்கு" என்கின்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் நடந்து, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் நிறுத்தப்பட்டது. கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி! நெய்க்குச் சட்டம் தெரியும் என்று நம்பியவர்கள் வெகுகாலத்துக்கு முன் இருந்தவர்கள் அல்ல. நம் பாட்டன்மாரின் பாட்டன்மார்கள்தான்.

சர்க்கார் கோர்ட்டுகளும் இந்த மயக்கத்திலிருந்து மெதுவாகத்தான் விடுபட்டன. கம்பெனிக் காலத்தில் இந்துக்களைக் கங்கா ஜலத்தின் மீதும், முஸ்லிம்களைக் குரானின் மீதும் பிரமாணம் செய்யச் சொல்லி வந்தார்கள். அதனால் நீதிக்கு இடைஞ்சல் வருகின்றது என்று ஒப்புக்கொண்டு, 1840ஆம் வருஷத்து 5ஆவது சட்டத்தால் அதை நிறுத்தி, உறுதிமொழி கூறினால் போதும் என்றார்கள். ஆனால் 1873ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டம் வேறொரு கதவைத் திறந்து வைத்தது. "எதிரி இன்ன விதமாய்ச் சத்தியம் செய்யட்டும், நான் அதற்குக் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு கட்சிக்காரர் ஒப்புக்கொண்டு, எதிரியும் அப்படியே சத்தியம் செய்துவிட்டால், அவரைப் பொறுத்தவரையில் அதுவே முடிவான ருசு. தஸ்தாவேஜும் சாட்சியும் ஒரு மூலையில் கிடக்க, சத்தியம் நிலத்தைத் தீர்மானித்தது. அந்தச் சட்டத்திலும் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. சத்தியம் மூன்றாவது மனிதர் எவரையும் பாதிப்பதாக இருக்கக்கூடாது என்பது அது. அதாவது, பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதை நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே கோர்ட்டு ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது. நம் வீடுகள் இன்னும் மறுக்கவில்லை.

1969ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டம் அந்தக் கதவையும் மூடிவிட்டது. இன்று சாட்சி சொல்லுகிறவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. பிரமாணம் செய்ய விட்டுப்போனால்கூட உண்மை சொல்ல வேண்டிய கடமை விட்டுப்போகாது என்றும் அந்தச் சட்டம் சொல்லுகின்றது. கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னால் கண் அவிந்து போகும் என்று சட்டம் நம்பிக்கொண்டிருக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆவது பிரிவுப்படி ஏழு வருஷம் வரையில் சிறை என்கின்றது. கடவுள் தண்டிப்பார் என்பதில் சட்டத்துக்கு அவ்வளவுதான் நம்பிக்கை!

உறுதி கூறும் இந்த உரிமையும் சும்மா கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்கின்ற கிறிஸ்தவர்கள், எதன் பேரிலும் ஆணையிடவே கூடாது என்று தங்கள் வேதம் சொல்லுகிறதே என்று கேட்டுச் சிறைக்குப் போனார்கள். சார்லஸ் பிராட்லா என்ற நாஸ்திகர் 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நான் உறுதி கூறுகிறேன் என்று கேட்டார், மறுத்தார்கள். சரி, வழக்கமான பிரமாணத்தையே செய்கிறேன் என்றார். நம்பிக்கையில்லாதவன் பிரமாணம் செல்லாது என்று அதையும் மறுத்தார்கள். பார்லிமெண்டு மணிக்கூண்டில் அடைத்தார்கள். ஜனங்கள் மறுபடியும் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் அவர் தம் இடத்தில் உட்கார முடிந்தது. 1888இல் அவர் முயற்சியாலேயே பிரமாணச் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பம்பாயில் நடந்த காங்கிரசுக்கு வந்து நம் நாட்டுக்காகப் பேசியவரும் அவர்தான். நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இரண்டு விதமான வாசகமும் இருப்பதற்கும், 2021 மே 7ஆம் தேதி ஸ்டாலின் அவர்கள் முதலமைச்சர் பதவியேற்றபோது "உளமார உறுதி கூறுகிறேன்" என்று சொல்ல முடிந்ததற்கும் பின்னால் இப்படிப்பட்டவர்கள் பட்ட பாடு இருக்கின்றது. ஒரு ராஜ்யத்தையே சாமி ஜாமீன் இல்லாமல் ஒருவர் கையில் ஒப்படைக்கலாம். ஒரு கம்மலுக்கு மட்டும் மருமகள் சூடம் அணைக்க வேண்டுமாம்!

இனி வசவைப் பற்றி. இத்தாலியன் திட்டும்போது கடவுளைப் பிடித்து இழுக்கிறான். நாம் யாரை இழுக்கின்றோம்? திட்டப்படுகிறவனின் தாயை இழுக்கின்றோம், ஜாதியை இழுக்கின்றோம். சண்டை இரண்டு ஆண்களுக்குள் வரப்பு வெட்டியதில் வந்திருக்கும். இருவருடைய தாயார்களும் அந்த வரப்பைப் பார்த்தேயிருக்க மாட்டார்கள். ஆனால் சந்தியில் இழுக்கப்படுவது அவர்களுடைய உடம்பு. "முண்டை" என்று திட்டுகின்றோம். அதற்கு அர்த்தம் புருஷனை இழந்தவள் என்பதுதான். புருஷனை இழந்தது ஒரு துக்கமா, குற்றமா? மனைவியை இழந்தவனைக் குறித்துத் திட்டுவதற்கு நம் பாஷையில் ஒரு சொல் இருக்கின்றதா? "மலடி" என்கின்றோம். "தேவடியாள்" என்கின்றோம். இந்தக் கடைசிச் சொல் கல்வெட்டுகளில் "தேவரடியார்" என்று கௌரவமாய் நிற்கின்றது. கடவுளுக்கு அடிமை என்று பெயர் வைத்துப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விட்டது மதம். அவளிடம் போனவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். அந்த வழக்கத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க 1947 ஆயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதற்காக எத்தனையோ ஏச்சுப் பேச்சுக் கேட்டார்கள். வழக்கம் போயிற்று, பெயர் மட்டும் வசவாக நிலைத்துவிட்டது. அதுவும் பெண்ணுக்கு மட்டும். பெரிய மனிதர்களுக்கு வசவு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜாதியைச் சொல்லித் திட்டுவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். மனு 12 பணம் விலை போட்ட அந்த வசவுக்கு, பட்டியல் இனத்தாரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் ஜாதிப் பெயர் சொல்லித் திட்டினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரையில் சிறை என்று 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்று விலையைத் திருத்தியிருக்கின்றது. சட்டம் திருத்திய விலையை நாக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் நம் குறை.

இவ்விடத்தில் ஒரு தோழர் கேட்கலாம்: "ஏழைக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கின்றது? கடன் கொடுத்து ஏமாந்த கிழவி மண்ணை வாரித் தூற்றுகிறாள். பங்காளி நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்றால் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போடுகிறாள். அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறீர்களா?" என்று. நியாயமான கேள்வி. அவளுடைய வயிற்றெரிச்சலை நாம் பரிகாசம் செய்யவில்லை; அது முழுக்க முழுக்க உண்மையானது. ஆனால் அந்தக் காசு வெட்டினதனால் யாருக்கு லாபம் என்று கேட்கின்றோம். ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் சார்ஜ் போயிற்று. வெட்டின காசும் போயிற்று. வழக்கைக் காளியிடம் ஒப்படைத்துவிட்டோம் என்கின்ற சமாதானத்தோடு அவள் வீட்டுக்கு வந்து காத்திருக்கிறாள். ஏமாற்றினவன் நிம்மதியாய்த் தூங்குகிறான். அவள் தாசில்தாரிடம் போகவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை என்பதுதானே அவனுக்கு வேண்டியது? மூன்று வருஷம் கழித்து அவன் மாடு செத்தால் காளி கேட்டுவிட்டாள் என்பார்கள். அவள் மாடு செத்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாபம் ஏழையின் ஆயுதமல்ல. ஏழையிடமிருந்து நிஜமான ஆயுதத்தை மறைத்து வைக்கும் உறை. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும், பட்டியல் இனத்தாருக்கும், பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பாராமலே இலவசமாய் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். காசு வெட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கின்றது?

சத்தியம் இல்லாவிட்டால் நம்பிக்கை எப்படி ஏற்படும் என்று கேட்பவர்களுக்கு இந்த வட்டாரமே ஒரு விடை வைத்திருக்கின்றது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் முதலாவது சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மனிதன் செய்யும் சத்தியங்களிலெல்லாம் பெரியது கல்யாணம். பழைய முறையில் அந்தச் சத்தியத்தை யாரோ ஒருவர், யாருக்கும் புரியாத பாஷையில், நெருப்பைச் சாட்சி வைத்துச் சொல்லுகிறார். கட்டுப்பட வேண்டியவர்களுக்கு எதற்குக் கட்டுப்படுகின்றோம் என்பதே தெரியாது. புதிய முறையில், உன்னை வாழ்க்கைத் துணையாய் ஏற்கிறேன் என்று ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர், தம் சொந்தப் பாஷையில், நாலு பேர் அறியச் சொல்லுகிறார். அதில் சாபம் இல்லை, சூடம் இல்லை, மீறினால் கண் அவியும் என்கின்ற மிரட்டல் இல்லை. யாருக்கு வாக்குக் கொடுக்கப்படுகிறதோ அவரே எதிரில் இருக்கிறார். அவருக்கே பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாக்கைச் சட்டம் ஒப்புக்கொள்ள நாற்பது வருஷம் பிடித்தது. 1950களின் முற்பகுதியில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்றது. புருஷனும் பெண்சாதியுமாய்க் குடும்பம் நடத்தி வந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் யாரோ எவரோ ஆனார்கள். அண்ணா ஆட்சியில் 1967இல் செய்யப்பட்ட திருத்தம்தான், முன்னே நடந்தவற்றையும் சேர்த்து அவற்றைச் செல்லும்படி ஆக்கிற்று. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போய், அதற்குப் பகிரங்கமான சடங்கோ விளம்பரமோ தேவையில்லை என்று சொல்லிவிட்டது. மனிதனுக்கு மனிதன் கொடுக்கும் வாக்கு சாமி சாட்சி இல்லாமலே நிற்கும் என்பதற்குச் சுக்கிலநத்தமே ருசு.

ஆகவே வாசகர்களை நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியங்கள் அல்ல. நூல் எடையில் தகராறா? கொடுக்கும்போது ஒரு தரமும் வாங்கும்போது ஒரு தரமும் இருவர் எதிரிலும் நிறுத்து, சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடனா? கொடுத்ததற்குச் சீட்டும் கட்டினதற்கு ரசீதும் கேளுங்கள். கண்மாய்த் தண்ணீரா? முறையை எழுதி மந்தையில் ஒட்டுங்கள். சூடம் கொளுத்தப்படும் ஒவ்வொரு தகராறிலும் பார்த்தால், எழுதப்பட வேண்டிய ஒரு சீட்டு எழுதப்படாமல் இருந்திருக்கும். அதை எழுதவிடாதவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சத்தியம் செய்யச் சொல்லுகிறவனாகவே இருப்பான். தராசு இருக்கும் இடத்தில் சூடத்துக்கு வேலை இல்லை. அதனால்தான் தராசு வராமல் பார்த்துக்கொள்ளுகிறார்கள்.

உங்களை யாராவது சத்தியம் செய்யச் சொன்னால், "நீங்களும் செய்கிறீர்களா?" என்று கேளுங்கள். பிள்ளையின் தலைக்கு எந்தக் கை வந்தாலும் தட்டி விடுங்கள். அது கடனுக்கு ஈடு வைக்கும் பாத்திரமல்ல. கோபம் வந்தால் கோபத்துக்குக் காரணமான காரியத்தைச் சொல்லித் திட்டுங்கள். "நீ என் வரப்பை வெட்டினாய், நீ திருடன்" என்று சொன்னால், அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அவன் தாயைச் சொன்னால் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை, வரப்பு மறந்துபோகும், வெட்டினவனுக்கே வெற்றி.

"எ"வையும் "உ"வையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆடிப் பார்த்துவிட்டோம். பொய் சொன்னவர்களின் கண்கள் அவிந்திருந்தால் நம் சந்தையில் பாதிக் கடைகளைத் திறக்க ஆள் இருக்காது. எல்லாக் கடையும் திறந்துதான் இருக்கின்றது. இனியாவது தராசைத் திறக்கச் சொல்லுவோம்.